மாத்தியோவின் முழங்கை

சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று வந்த மலர்க்குழுப் பிள்ளைகள், "அங்கிள், நீங்க இங்க வந்த நேரம் பட்ட கஷ்டத்தை எழுதுங்கோ" என்றார்கள். அதை எழுதாத மலர் லண்டனில் எங்கே இருக்கிறது? பனி, பெற்றோல் ஸ்டேசன், ஒரே அறையில் ஆறு பேர். எல்லாம் உண்மைதான். அந்த ஆறு பேரில் நானும் ஒருவன். ஆனால் என்னிடம் வேறொரு கதை இருக்கிறது. அது முன்பின் அறியாத ஒரு மனிதனின் இடது முழங்கையைப் பற்றியது. அதைச் சொல்லத் தொடங்கினால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கும். கையை வீசி வீசிச் சொல்வேன் என்று மனைவி தேத்தண்ணீரை எட்டத்தில் வைத்துவிடுவாள்.

அதை இப்போது எழுத வைத்தது அண்மையில் வந்த ஒரு செய்தி. அமெரிக்காவில் ஒரு பேஸ்போல்காரனுக்குப் பத்து வருடத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தம், வாயில் நுழையாத ஒரு தொகை. ஆர்ச்வே கோயிலில் முருகனைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற இருவரும் அதைத்தான் கதைத்தார்கள். "காசு வைச்சிருக்கிற கிளப்பே எல்லாரையும் வாங்கினா, மற்றவன் என்னத்துக்கு விளையாட வாறான்?" என்றார் ஒருவர். "சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு போடவேணும்" என்றார் மற்றவர். நான் சும்மா நிற்பேனா? இடையில் புகுந்தேன். நான் விளக்கி முடிப்பதற்குள் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போய் வடையை முடித்துவிட்டார்கள்.

நான் வேலை செய்தது லண்டன் சிற்றியில், காப்புறுதிச் சந்தையில். அது ஒரு பிரமாண்டமான மண்டபம். கப்பலுக்கும் விமானத்துக்கும் அங்கே காப்புறுதி எழுதுவார்கள். எங்கள் மேசையில் மனித உடம்புக்கு எழுதினோம். பாடகியின் தொண்டை, உதைபந்தாட்டக்காரனின் கால், இப்படி. பேஸ்போலில் நீண்ட ஒப்பந்தம் போட்டால் போட்டதுதான். ஆட்டக்காரன் காயப்பட்டு வீட்டில் கிடந்தாலும் கழகம் கடைசிச் சதம் வரை கொடுக்க வேண்டும். பணக்காரக் கழகத்துக்கு அது ஒரு தலையிடி, அவ்வளவுதான், இன்னொருவனை வாங்கிக்கொள்ளும். சின்ன ஊர்க் கழகத்துக்கு அது பல வருடத்துப் பட்டினி. அதனால் சின்னக் கழகம் காப்புறுதி தேடி லண்டனுக்கு வரும். கிடைத்தால் தான் வளர்த்த பிள்ளையைத் தானே வைத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் அவனைப் பணக்காரக் கழகம் கூட்டிக்கொண்டு போகும். சமநிலை, சமநிலை என்று அமெரிக்காவில் எல்லோரும் கத்துகிறார்கள். அதில் ஒரு பங்கு எங்கள் மேசையில் தீர்மானமாகிறது என்பது பலருக்குத் தெரியாது.

இது விளங்க அமெரிக்கா போகத் தேவையில்லை. எங்கள் தமிழ் கிரிக்கெட் லீக்கையே பாருங்கள். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் சூப்பர்மார்க்கெட் முதலாளி ஒருவர் தலைவராக வந்ததும், அவருடைய கழகம் கோடைக்கென்று கொழும்பிலிருந்து ஆட்களை இறக்கியது. எங்கள் கழகத்துக்கு இருந்தது என்னுடைய காரும் நாலு பழைய மட்டையும்தான். மூன்று வருடம் தொடர்ந்து அவர்களே வென்றார்கள். மூன்றாம் வருட இறுதி ஆட்டத்துக்கு அவர்களுடைய மனைவிமாரே வரவில்லை.

நான் மேசைக்கு வந்து சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெற்றோல் ஸ்டேசன், பிறகு ஒரு காப்புறுதிக் கம்பனியின் தபால் அறை, பின்னேரங்களில் பரீட்சைக்குப் படிப்பு, இரண்டு தரம் சித்தியடையாமல் மூன்றாம் தரம் சித்தி. அதன்பிறகு மிஸஸ் ஹார்க்ரீவின் மேசையில் உதவியாளன். அந்த மனுசியிடம் நான் கற்றதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மெலிந்த உருவம், கட்டையாக வெட்டிய நரை முடி, நாள் முழுக்க ஒரே குரல். காப்புறுதி தேடி வரும் புரோக்கர் மேசையோடு ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டூலில் வந்து குந்துவார். "சிலிப்" என்ற நீளத் தாளை நீட்டுவார். ஆளின் பெயர், தொழில், தொகை எல்லாம் அதில் இருக்கும். மிஸஸ் ஹார்க்ரீவ் அதை வாங்கியதும் முதலில் தன் கண்ணாடிக் கூட்டை எடுத்துத் தொகையின் மேல் வைத்து மூடுவார். "தொகை கண்ணில் பட்டால் மூளை படுத்துவிடும். மனிதனைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார். புரோக்கர் சொல்வார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி: "எது முதலில் உடையும்?" அதற்கு நேரான பதில் வராவிட்டால் சிலிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வந்தால், உடையக்கூடிய உறுப்புகளை, அவை உடைந்தால் காசில்லை என்ற பொருளில், "விலக்கு" என்று பென்சிலால் எழுதி, பேனையால் அதன் மேல் எழுதி, முத்திரை குத்துவார். முத்திரையின் மை காய்ந்த பிறகு ஒரு எழுத்தையும் மாற்றமாட்டார். யாரையும் பாராட்டமாட்டார். நான் நல்ல வேலை செய்த நாட்களில் "ம்" என்பார். அந்த "ம்" வந்த நாளில் நான் லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை சீழ்க்கையடித்துக்கொண்டு போவேன்.

ஒரு வியாழக்கிழமை ராகவன் வந்து ஸ்டூலில் குந்தினார். ராகவன் சென்னைக்காரர், புரோக்கர், முப்பத்தைந்து வயதிருக்கும். மண்டபத்தில் தமிழ் கதைக்க எனக்கிருந்த ஒரே ஆள். அன்றைக்கு அவருடைய டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிடந்தது.

கொண்டுவந்தது ஒரு பேஸ்போல் சிலிப். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர், அந்த ஊரின் கழகம். அவர்களே பதினேழு வயதிலிருந்து வளர்த்த இடதுகைப் பந்தெறிவாளன் மாத்தியோ. அவனுக்குப் பத்து வருட ஒப்பந்தம் கொடுக்க விருப்பம். ஆனால் முதல் மூன்று வருடத்துக்குக் காப்புறுதி இல்லாமல் கையெழுத்து வைக்க ஏலாது. கடன் கொடுக்கும் வங்கி சம்மதிக்கவில்லை. இன்னொரு பக்கத்தில் பெரிய நகரத்துப் பணக்காரக் கழகம் பேனையோடு நிற்கிறது.

மிஸஸ் ஹார்க்ரீவ் கண்ணாடிக் கூட்டை வைத்தார், கேட்டார், பிறகு என் பக்கம் சிலிப்பைத் தள்ளினார். "எனக்குப் பேஸ்போல் தெரியாது. நீ பந்து வீசுகிறவன்தானே. இதை நீ எழுது" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது! "லீட்" என்று முதல் கையெழுத்து வைப்பவர்தான் நிபந்தனைகளை எழுதுவார். மற்ற மேசைகள் அவருக்குப் பின்னால்தான் வரும். பதினொரு வருடம் பின்னால் போய்க்கொண்டிருந்தவனுக்கு முதல் தடவையாக முன்னால் போகச் சொல்கிறார்கள்.

அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும் ராகவன் குனிந்து தமிழுக்கு வந்தார். "சார், நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள லீட் கிடைக்கலன்னா பையன் போயிடுவான் சார். ஒன்பது மேசை ஏறி இறங்கிட்டேன். எல்லாரும் முடியாதுன்னுட்டாங்க."

"ஏன் மாட்டினமாம்?"

"பயப்படுறாங்க சார்."

எதற்குப் பயப்படுகிறார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்குத்தான் பந்துவீச்சு தெரியுமே! பாடசாலைக்கு வேகப்பந்து வீசியவன், கிழக்கு லண்டன் லீக்கில் பதினைந்து வருடம் முதல் ஓவர் போட்டவன். "வீடியோ இருந்தாப் போடும்" என்றேன். அவருடைய மடிக்கணினியில் மாத்தியோ எறிவதை இருபது தரம் பார்த்தேன். காலைப் பார்த்தேன். முன்கால் தரையில் இறங்கும் விசையைப் பார்த்தேன். இடுப்பு முறுகுவதைப் பார்த்தேன். வேகப்பந்து வீச்சாளனுக்கு எங்கே போகும்? முழங்கால் போகும், இடுப்பு போகும். எனக்கே இரண்டும் போயிருந்தது. மருத்துவ அறிக்கை சுத்தமாக இருந்தது. வெள்ளி காலையில் பென்சிலை எடுத்தேன். விலக்கு: இரண்டு முழங்கால், கணுக்கால், கீழ் முதுகு. பிறகு பேனை. பிறகு முத்திரை.

ராகவன் அந்தத் தாளை வாசித்தார். மறுபடி வாசித்தார். "இவ்வளவுதானா சார்?" என்று கேட்டார்.

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி, கொஞ்சம் கெப்பராகவே. அவர் தாளை மடித்துக்கொண்டு எழும்பி, நடக்கவில்லை, ஓடினார். பின்னேரம் ஐந்து மணிக்கு மாத்தியோ கையெழுத்து வைத்துவிட்டான் என்று செய்தி வந்தது. மிஸஸ் ஹார்க்ரீவ் "ம்" என்றார்.

அடுத்த நாள் சனிக்கிழமை எங்களுக்கு லீக் ஆட்டம். நான் விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். எதிரணியில் ஒரு புதுப் பெடியன் துடுப்பாட, எங்கள் பக்கத்தில் ஒருவன் பந்து போடுகிறான். மூன்றாவது பந்தில் நடுவர் கையை நீட்டி நோபோல் என்றார். எல்லைக் கோட்டில் நின்ற எதிரணிக்காரர் முழுப் பேரும் கத்துகிறார்கள்: "எறியிறான்! கையை மடக்கி எறியிறான்!"

எனக்குப் பளிச்சென்று உறைத்தது. கிரிக்கெட்டில் பந்தை வீச வேண்டும், எறியக் கூடாது. முழங்கையை மடக்கி நிமிர்த்தினால் நடுவர் விடமாட்டார். ஆகவே எங்களில் எவனுக்கும் முழங்கை போவதில்லை. பேஸ்போலில் செய்வதெல்லாம் அதைத்தான்! ஒவ்வொரு பந்துக்கும் முழங்கையை மடக்கி, விசுக்கி, எறிகிறார்கள். முதலில் போவது முழங்கை. அந்த ஒன்பது மேசையும் பயந்தது முழங்கைக்கு; அதை விலக்கினால் வங்கி ஒத்துக்கொள்ளாது, விலக்காமல் எழுத அவர்களுக்குத் துணிவில்லை. இருபது தரம் வீடியோ பார்த்தும் என் கண் இடுப்புக்கு மேலே ஏறவில்லை. அடுத்த பந்து துடுப்பு விளிம்பில் பட்டு நேரே என் கைக்கு வந்தது. அதையும் விட்டேன்.

திங்கள் காலையில் மிஸஸ் ஹார்க்ரீவிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். அவருக்கும் பந்து என்றால் கிரிக்கெட்தான்; அதனால்தான் என்னிடம் தந்தார். "முத்திரை யாருடையது?" என்றார்.

"என்னுடையது."

"அப்படியானால் முழங்கையும் உன்னுடையது."

அதன்பிறகு இரண்டு வருடம் நான் அந்த முழங்கையோடு வாழ்ந்தேன்! வால்தம்ஸ்டோவில் ரயில் ஏறியதும் தொலைபேசியில் முதல் நாள் ஆட்டத்தைப் போடுவேன். மாத்தியோ எறியும்போது என் இடது கை தானாக இழுக்கும். பக்கத்தில் நிற்பவர்கள் விலகி நிற்பார்கள். முதலில் பயத்தில்தான் பார்த்தேன். பிறகு அந்த விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சின்ன ஊரின் மைதானம் நிரம்பத் தொடங்கியது. பல வருடம் அடிவாங்கிய கழகம் வெல்லத் தொடங்கியது. அப்பாவின் தோளில் இருந்து சின்னப் பிள்ளைகள் மாத்தியோவின் பெயரைக் கத்துவதைப் பார்க்க எனக்கு மயிர்க்கூச்செறியும். இந்தப் பிள்ளைகள் கத்துவதில் என் பிழைக்கும் ஒரு பங்கு இருக்கிறதே என்று ஒரு திருட்டுச் சந்தோசம்.

மனைவி சாந்தாவும் சேர்ந்துகொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை ஆர்ச்வேயில் அவள் அர்ச்சனைச் சிட்டை வாங்கினாள். ஐயர் பெயர் கேட்டார். "மாத்தியோ" என்றாள். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?" என்றார். "பூராடம்" என்று டக்கென்று பதில் வந்தது. அவன் பிறந்த திகதியை இணையத்தில் பார்த்து, நேரவித்தியாசத்தையும் கழித்து, வீட்டிலேயே கணித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

மூன்றாம் வருடம் மே மாதம். அங்கே பகல் ஆட்டம், இங்கே மாலை. நாங்கள் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தட்டில் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியின் முன்னால் இருக்கிறோம். மாத்தியோ ஒரு பந்தை எறிந்தான். எறிந்துவிட்டு, கையில் பட்ட தண்ணீரை உதறுவதுபோல இடது கையை ஒரு உதறு உதறினான். பிறகு முழங்கையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான்.

"ஐயோ, என்னப்பா!" என்றாள் சாந்தா. எனக்குக் கையில் இருந்த புட்டு வாய்க்குப் போகவில்லை.

தசைநார் அறுந்துவிட்டது. சத்திரசிகிச்சை, ஒரு வருடத்துக்கு மேல் எறிய ஏலாது. ராகவன் கிளெய்ம் தாளோடு வந்தார், இம்முறை நடந்து. "சார், டீம் இப்போ பாயிண்ட்ஸ்ல இரண்டாவது இடத்துல இருக்கு. பணக்கார டீமுக்கு ஒரே ஒரு படி கீழ. ஜூலை முடிஞ்சா வேற டீம்ல இருந்து ஆள் எடுக்க முடியாது. அதுக்குள்ள நீங்க காசு தருவீங்கன்னு உறுதியாச் சொன்னா, அவங்க இன்னொருத்தர எடுப்பாங்க. சொல்லலன்னா இந்த சீசன் அவ்வளவுதான். நல்ல ஆளுங்க மூணு பேரை விக்கணும்னு இப்பவே பேசுறாங்க."

"அண்டைக்கு நீர் தாளை ரெண்டு தரம் வாசிச்சீர் ராகவன். முழங்கை இல்லை எண்டு கண்டனீர்தானே?"

அவர் முகம் சிவந்தது. "பாத்தேன் சார். நீங்க தெரிஞ்சுதான் எழுதுறீங்கன்னு நெனச்சேன். இங்க இருக்கிற மத்தவங்களுக்கு இல்லாத தைரியம் உங்களுக்கு இருக்குன்னு எங்க ஆபீஸ் முழுக்கச் சொல்லிட்டேன்." எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

ஜூலை நடுப்பகுதியில் என்னை மேல்மாடிக்கு அழைத்தார்கள். நீள மேசை, தண்ணீர்க் குவளைகள், கம்பனியின் சட்டத்தரணி. இளம் மனிதர், குரல் மென்மையானது. ஒரு பக்கத்தில் மிஸஸ் ஹார்க்ரீவ் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

சட்டத்தரணி சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். "இந்தச் சந்தையில் பந்தெறிவாளனின் முழங்கையை எல்லோரும் விலக்குவார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். எழுதும்போது ஒரு சொல் விடுபட்டுவிட்டது. எழுத்துப் பிழை என்றால் அதைத் திருத்தச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். நாங்கள் பணம் கொடுக்க வேண்டி வராது. உங்கள் மேலும் பழி வராது. எழுத நினைத்தீர்கள், விடுபட்டுவிட்டது. இதற்கு ஓம் என்று சொன்னால் போதும். உடனே பதில் வேண்டாம், நாளைக்குச் சொல்லுங்கள்."

மிஸஸ் ஹார்க்ரீவும் என்னோடு வெளியே வந்தார். முத்திரை குத்திய அடுத்த திங்களன்று நான் அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. என்னுடைய முகத்தைப் பார்த்து அதை ஞாபகப்படுத்தவும் இல்லை, மறக்கச் சொல்லவும் இல்லை. அதுதான் அவருடைய குணம். அப்போது எனக்கு அதில் பயங்கரக் கோபம் வந்தது.

வீட்டில் சாந்தாவிடம் சொன்னேன். மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். வீட்டுக் கடன் பாதிதான் முடிந்திருந்தது. "ஓமெண்டு சொன்னா வேலை நிக்கும்" என்றேன்.

"மாத்தியோவுக்குச் சம்பளம் வராதோ?"

"அவனுக்குக் கிளப் குடுக்கத்தான் வேணும். கிளப்புக்குத்தான் ஒண்டுமில்லாமப் போகும். இருக்கிற நல்ல பெடியளை வித்துப்போடுவினம். பணக்காரன்தான் வாங்குவான்."

அவள் சட்டியைக் கழுவி முடித்தாள். கையைத் துடைத்தாள். "பெற்றோல் ஸ்டேசன் இன்னும் அங்கதானே கிடக்கு" என்றாள். "நீங்கள் போய் உள்ளதைச் சொல்லுங்கோ."

கட்டிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. கொஞ்சினேன் என்று எழுதினால் மலர்க்குழு வெட்டிவிடும்.

அடுத்த நாள் அதே அறை. சட்டத்தரணி பேனையைத் திறந்தார். "முழங்கையை விலக்க நினைத்தீர்கள், விடுபட்டுவிட்டது. அப்படித்தானே?"

"இல்லை" என்றேன். "ஒன்றும் விடுபடவில்லை. ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். முழங்கைக்கு ஒன்றும் வராது என்று நானே தீர்மானித்தேன். எனக்குத் தெரிந்த விளையாட்டில் முழங்கை மடங்குவதில்லை." வாயால் சொன்னது போதாது என்று பட்டது. எழும்பினேன். அந்த நீள மேசைக்கும் ஜன்னலுக்கும் இடையில் மூன்று அடி ஓடி, கையை நேராக்கி, ஒரு பந்து வீசிக் காட்டினேன். தண்ணீர்க் குவளை ஒன்று விழுந்தது. "இதுதான் எனக்குத் தெரிந்த பந்துவீச்சு. தாளில் பிழையில்லை. பிழை என் தலையில்" என்றேன்.

சட்டத்தரணிக்கு உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. பேனையை மூடினார். "இதற்கு மேல் என்னிடம் வாதமில்லை" என்றார்.

மிஸஸ் ஹார்க்ரீவ் கட்டியிருந்த கையை எடுத்தார். "கொடுப்போம். இன்றைக்கே எழுத்தில் அனுப்பு, அவர்களுக்கு ஜூலை முடிகிறது" என்றார். கதவருகே வந்ததும் திரும்பி, "உன் கதிரையைப் பற்றி ஒக்டோபரில் கதைப்போம்" என்றார்.

கடிதத்தில் கையெழுத்து வைத்து ராகவனிடம் நீட்டினேன். அந்த மண்டபத்தில் யாரும் யாரையும் கட்டிப்பிடிப்பதில்லை. ராகவன் என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். அக்கம்பக்கத்து மேசைகள் எல்லாம் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டன.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கழகம் இன்னொருவரை எடுத்தது. இளந்தாரி அல்ல, நாற்பதை நெருங்கிய பந்தெறிவாளர், தொந்தி வேறு. "இந்தக் கிழவனையோ எடுத்தவை?" என்று சாந்தா தலையில் கை வைத்தாள். நான் ஒகஸ்ட் முழுக்க நகம் கடித்தேன். கிழவர் ஆறு ஆட்டம் வென்று கொடுத்தார்!

செப்ரெம்பர் கடைசி ஞாயிறு. சீசனின் கடைசி ஆட்டம். எதிரில் அந்தப் பணக்காரக் கழகம். வெல்பவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். ராகவன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கடைசிப் பகுதி. நாங்கள் ஒரே ஒரு ஓட்டத்தால் முன்னால். மூன்று தளத்திலும் அவர்களுடைய ஆட்கள் ஓடத் தயாராக நிற்கிறார்கள். இன்னும் ஒருவனை வெளியேற்ற வேண்டும். துடுப்போடு வருகிறவன் யார் தெரியுமா? உலகத்திலேயே மிகப் பெரிய ஒப்பந்தக்காரர்களில் ஒருவன். எங்கள் கிழவர் முகத்தைத் துடைக்கிறார்.

முதல் பந்து, அடி, பக்கக் கோட்டுக்கு வெளியே; பேஸ்போலில் அது ஓட்டமில்லை, அடித்தவனின் தவறு. இரண்டாவதும் வெளியே. இன்னொன்று தவறினால் அவன் வெளியே, அடித்தால் நாங்கள் வெளியே. "மெதுவாப் போடு, மெதுவாப் போடு" என்று நான் கத்துகிறேன். கிழவர் முழு வேகத்தில் எறிவதுபோலக் கையைச் சுற்றி, தபால்காரன் கடிதம் போடுவதுபோல ஒரு பந்தை விட்டார். அந்தக் கோடீஸ்வரன் பந்து வருமுன்னே முழுச் சுற்றுச் சுற்றி, கால் இடறி, மண்ணில் முழங்காலில் விழுந்தான்!

வீடு இடிந்துவிடும்போலக் கத்தினோம். ராகவன் சோபாவில் ஏறி நிற்கிறார். மாத்தியோ கைக்கு இரும்புக் கூடு போட்டபடி ஓடிவந்து கிழவரின் மேல் பாய்கிறான். சாந்தா திரையைப் பார்த்து, "டேய், கை கவனம்! கை கவனமடா!" என்று அழுகிறாள்.

மறுநாள் திங்கள், ஒக்டோபர். முதல் நாள் கத்தியதில் குரல் கட்டிப்போய் மண்டபத்துக்குள் போனேன். வேலை இருக்குமோ இல்லையோ என்று, சொந்தப் பொருட்களைப் போட ஒரு பையும் கொண்டுபோயிருந்தேன். எங்கள் மேசையைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். புரோக்கர்கள், ஐந்தாறு பேர், கையில் சிலிப்போடு.

"இவர்கள் ஏன் நிற்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"உனக்காகத்தான்" என்றார் மிஸஸ் ஹார்க்ரீவ். "தன் பிழைக்குத் தானே பணம் கொடுத்த மேசை எது என்று சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் எழுதுகிறேன் என்றேன், வேண்டாமாம். இரு. எட்டரைக்கே வந்து நிற்கிறார்கள்." பையைக் கீழே தள்ளிவிட்டு என் கதிரையில் இருந்தேன்.

முதல் ஆள் வந்து ஸ்டூலில் குந்தினார். வயதானவர், சாம்பல் நிறச் சூட், கையில் நீளக் குடை. ஒரு ஐஸ் ஹொக்கிக்காரன், எட்டு வருட ஒப்பந்தம், சின்ன ஊர்க் கழகம். ஐஸ் ஹொக்கி பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

"எழும்புங்கள்" என்றேன். "அவன் என்ன செய்கிறான் என்று செய்து காட்டுங்கள்."

அவர் என்னைப் பார்த்தார், மிஸஸ் ஹார்க்ரீவைப் பார்த்தார். பிறகு எழும்பி, சூட்டின் பொத்தானைக் கழற்றி, குடையை இரண்டு கையாலும் பிடித்து, அத்தனை பேர் நடுவிலும் ஒரு சுழற்றுச் சுழற்றினார். பக்கத்து மேசைகளில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஸஸ் ஹார்க்ரீவ் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"இன்னொரு தரம்" என்றேன். "இந்த முறை மெதுவாக."